கழற்சிக்கொடி: கடல் ஒதுக்கும் விதையும் அது வேர்விடும் மணலும்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, மார்கழி முடிவில், அலை ஒதுக்கிய குச்சி சருகுகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கோலிக்குண்டு போன்ற ஏழு விதைகளைப் பொறுக்கியதாகவும், அவற்றைத் தொட்டியில் ஊன்றி நான்கு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது எந்தச் செடி, கடல் கடந்து வந்ததா, தோட்டத்துக்கு வேலியாக வளர்க்கலாமா, மாதவிடாய்க் கோளாறுக்கு இதை உண்ணச் சொல்கிறார்களே, அது சரியா என்பன அவருடைய கேள்விகள். நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அவர் அனுப்பிய விவரத்தின்படி, அவை கழற்சிக்காய்கள் என்பதில் ஐயமில்லை. கழற்சி, கழற்கொடி, கச்சக்காய், கெச்சக்காய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மலையாளத்தில் கழஞ்சி, சிங்களத்தில் கும்புறு. நாட்டு மருந்துக் கடைகளில் இதே விதையைத்தான் கழற்சிக்காய் என்று எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு உருண்டையாகவும், ஈயம் போன்ற சாம்பல் நிறத்தில் மெருகேற்றியது போலவும் இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், மயிரிழை போன்ற கோடுகள் வட்டம் வட்டமாக மேற்பரப்பைச் சுற்றி ஓடுவது தெரியும். விதை மஞ்சள் நிறமாக இருந்தால் அது இதன் நெருங்கிய உறவான வேறொரு சிற்றினம்.

செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. என்றாலும் அவரைப் பந்தலை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் படாது. தண்டு, இலைக்காம்பு, காய் என எங்கும் முள். இலைகள் இரட்டைச் சிறகாகப் பிரிந்தவை. ஒரே இலை அரை மீட்டருக்கு மேலும் நீளும். காம்பின் அடிப்புறத்து முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால், செடி அடுத்துள்ள புதரைக் கொக்கிபோட்டுப் பிடித்து மேலேறும். பற்றுக்கம்பிகளும் இல்லை, சுற்றி ஏறும் வழக்கமும் இல்லை. அந்த முட்களே அதற்குக் கைகள். மஞ்சள் பூங்கொத்துகளுக்குப் பின் வரும் காய் சிறிய முள்ளம்பன்றி போல இருக்கும். அது முற்றி உலர்ந்து வாய் பிளந்த பிறகும் கொடியிலேயே தங்கும். உள்ளே ஒன்றிரண்டு விதைகள் கிண்ணத்தில் வைத்தவை போலத் தெரியும்.

அறிவியல் பெயரைத் தேடுபவர்கள் இரண்டு பெயர்களைக் காண்பார்கள். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தது குய்லாண்டினா பாண்டுக். பின்னர், இந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோ இதனைச் சீசால்பினியா இனத்துக்குள் கொண்டுபோனார். பெரும்பாலான இந்தியத் தாவர நூல்களில் அந்தப் பெயரே நின்றது. மரபணு ஒப்பீட்டின் துணையோடு சீசால்பினியாக் கூட்டத்தைத் திருத்தி வகுத்தபோது, 2016இல் குய்லாண்டினா மீண்டும் தனி இனமாக்கப்பட்டது. பாண்டுக் என்பது அரபு மொழியில் ஒருவகைக் கொட்டையைக் குறிக்கும் ‘புந்துக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அரபு வைத்திய மரபிலும் இந்த விதைக்கு இடமிருந்தது என்பதற்கு இந்தப் பெயரே ஒரு தடயம்.

இனி முளைக்காததன் காரணம். கழற்சி விதையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. ஓட்டின் வெளிப்பகுதியில் நீண்ட செல்கள் வேலிக்கால் நட்டதுபோல நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் சுவர்களும் மேலே படிந்த மெழுகுப் பொருளும் சேர்ந்து ஈரத்தைத் தடுத்துவிடுகின்றன. முளைப்பதற்கு வேண்டிய உயிர் உள்ளே முழுமையாக இருக்கிறது; அதற்கு ஒரு துளி நீர் போய்ச் சேர வழியில்லை. ஆகவே தொட்டியில் நான்கு மாதம் ஈரமாகக் கிடந்த விதைகள் கெட்டுவிட்டன என்று தூக்கி எறிய வேண்டாம். தோண்டி எடுத்துத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஊன்றிய நாளில் இருந்தபடியே இருக்கும். இயற்கையில் இந்த ஓடு மணலில் உரசியும், பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கியும் மெல்ல வெடிப்பு விடுகிறது. ஒரே காயிலிருந்து விழுந்த இரண்டு விதைகளில் ஒன்று இந்த ஆண்டும் மற்றது பல ஆண்டுகள் கழித்தும் முளைப்பது இதனால்தான். மழை பொய்க்கும் ஆண்டுகளும் புயல் அடிக்கும் ஆண்டுகளும் மாறி மாறி வரும் கடற்கரையில், எல்லா விதைகளையும் ஒரே பருவத்தில் செலவழித்துவிடாத செடிக்கே வம்சம் நிலைக்கும்.

இந்த ஓடுதான் விதையைக் கடலோடியாகவும் ஆக்கியது. உள்ளே இரண்டு பருப்புகளுக்கும் இடையே காற்றுள்ள வெற்றிடம் இருப்பதால் விதை மிதக்கிறது. ஓடு உப்புநீரை உள்ளே விடாததால் மிதக்கும் காலம் முழுவதும் உயிரோடும் இருக்கிறது. மிதவையாக மட்டும் இருந்து பயனில்லை. தேங்காய் மட்டை முதல் பனங்கொட்டை வரை எத்தனையோ பொருள்கள் மிதக்கின்றன. அவற்றுள் கரைசேரும்போது முளைக்கும் நிலையில் இருப்பவை கொஞ்சமே. கழற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட அந்த நிலையில் இருக்கும். வெப்பமண்டலக் கடற்கரைகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும், கரீபியன் தீவுகளிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, இலங்கை, மலேயா வழியாகப் பசிபிக் தீவுகள் வரையில், இதே செடியைக் காண்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

வெப்பமண்டலத்தோடு அதன் பயணம் நின்றுவிடவில்லை. கரீபியன் பக்கத்திலிருந்து புறப்படும் வளைகுடா நீரோட்டம் இந்த விதைகளை அட்லாண்டிக்கைக் கடத்தி ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குத் தீவுகளில் ஒதுக்கியது. அந்தத் தீவுக்காரர்களுக்கு இவை என்ன மரத்தின் விதைகள் என்றே தெரியாது, ஏனென்றால் அந்தக் குளிரில் அவை முளைக்காது. ஜமைக்காவில் சில காலம் மருத்துவராக இருந்து திரும்பிய ஹான்ஸ் ஸ்லோன், ஓர்க்னித் தீவுகளில் கரையொதுங்கிய விசித்திரக் கொட்டைகள் நான்கைப் பற்றி 1696இல் எழுதினார். அவற்றில் சிலவற்றை ஜமைக்காவில் கொடியில் பார்த்திருந்ததால் அவை எங்கிருந்து வந்தன என்று அவரால் சொல்ல முடிந்தது. கடல் நீரோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கு விதையையே சாட்சியாக வைத்த மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள ஹெப்ரிடிஸ் தீவுகளில் வெளிறிய நிறக் கொட்டையொன்றைக் குழந்தைகளின் கழுத்தில் கண்ணேறு படாமல் கட்டிவந்தார்கள் என்றும், தீங்கு நெருங்கினால் அது கறுத்துவிடும் என்று நம்பினார்கள் என்றும் மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1703இல் பதிவுசெய்தார். அந்தக் கொட்டை கழற்சிதான் என்று பின்வந்தவர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் ஏழு விதைகளும் அப்படிக் கடல் கடந்து வந்தவையா? வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் நம் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். மாசி பங்குனியில் வடக்கு நோக்கித் திரும்பும். மார்கழியில் ஒதுங்கிய விதை ஆந்திரக் கரையிலிருந்தோ இன்னும் வடக்கேயிருந்தோ வந்திருக்கலாம். இருந்தாலும் அதைவிட எளிய விளக்கம் ஒன்று உண்டு: ஐப்பசி கார்த்திகை மழையில் பக்கத்து ஆற்றங்கரைப் புதரிலிருந்து அடித்து வரப்பட்டு, முகத்துவாரத்தில் கடலுக்குள் போய், சில மைல் தள்ளி மீண்டும் கரையேறியிருக்கலாம். விதையைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டாவது விளக்கமே சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கரைக்கு வந்த விதை கரையில் எங்கே வளர்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடற்கரைத் தாவரம் என்று சொல்லிவிட்டு அலைவாயிலேயே நடுகிறவர்கள் உண்டு. கலையாத மணற்கரை ஒன்றில், கடலிலிருந்து நிலத்தை நோக்கி நடந்தால் செடிகள் வரிசையாக மாறுவது தெரியும். அலை ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் இருக்கும். மணல் வந்து மூடினால் மூடிய இடத்திலேயே கணு விட்டு மேலே வருவது அவற்றின் திறமை. அவைதான் மணலைக் கட்டிப்போட்டு முதல் மேட்டை எழுப்புகின்றன. அந்த மேட்டின் பின்சரிவில் உப்புத் தெறிப்பு குறைகிறது, மணல் அவ்வளவாக நகர்வதில்லை, சருகு கொஞ்சம் தங்குகிறது. அங்கேதான் தாழை, சங்கங்குப்பி, இசங்கு போன்றவை புதராக நெருங்குகின்றன. அவற்றின் தோளைப் பிடித்துக் கழற்சி படர்கிறது. அதற்கும் உள்ளே புன்னை, பூவரசு, பிறகு வறண்ட பசுமைமாறாக் காடு. கோடியக்கரையில் இந்த வரிசையின் உட்பகுதியை இன்றும் ஓரளவு பார்க்கலாம்.

ஆகக் கழற்சி முன்வரிசைச் செடியன்று. அடும்பு செய்யும் வேலையை அதனால் செய்ய முடியாது. மணல் மூடினால் கணு விட்டு எழும் பழக்கம் அதற்கு இல்லை. சாதாரண அலை விதையை விடும் இடம் அது வேர்விடக்கூடிய இடமும் அன்று. புயலோ பெருவெள்ளமோ மேட்டைத் தாண்டித் தூக்கிப்போட்ட விதைக்கே வாழ்வு. முளைத்த பின் அது தரும் பயன் வேறுவகை. முட்புதரைக் கோத்து அடர்வேலியாக்குகிறது. ஆடுமாடு அந்த வேலிக்குள் நுழையாததால், அதன் உள்ளே விழுந்த மற்ற மரங்களின் கன்றுகள் பிழைக்கின்றன. சிறு பறவைகள் அதற்குள் கூடு கட்டுகின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். அவரைக் குடும்பம் என்றதும், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளமாக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த வழக்கம் இல்லை. கழற்சி சேர்ந்த சீசால்பினியாக் கூட்டத்தில் வேர்முடிச்சு பொதுவாகக் காணப்படுவதில்லை. மணலுக்கு உரமேற்றும் கடற்கரை அவரையினம் வேண்டுமென்றால், மணலில் தவழ்ந்து ஊதா நிறப் பூப்பூக்கும் காட்டு வாளவரை இனத்தையே தேட வேண்டும்.

முட்புதர்தானே, வெட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துச்சொல்வது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததை. மயாமி நீலன் எனப்படும் சிறிய வண்ணத்துப்பூச்சி ஒருகாலத்தில் அந்த மாநிலத்தின் கரையோரங்களில் பரவலாக இருந்தது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு அது அற்றுப்போனதாகவே நினைத்தார்கள். 1999இல் பாஹியா ஹோண்டா என்ற தீவுப் பூங்காவில் ஒரு கூட்டம் மீண்டும் கண்ணில் பட்டது. அந்தக் கூட்டத்தின் புழுக்கள் உயிர்வாழ்ந்தது கழற்சியின் இளந்தளிரையும் மொட்டையும் தின்று. பிறகு அங்கே பெருகிவிட்ட அயல்நாட்டு இகுவானா ஓணான்கள் அதே தளிர்களை முட்டையோடும் புழுவோடும் சேர்த்து மேய்ந்தன. வறட்சியும் கடுங்குளிரும் சேர்ந்துகொண்டன. 2010 வாக்கில் அந்தக் கூட்டம் மறைந்தது. இன்னும் தள்ளியுள்ள, மனித வாழ்க்கையில்லாத சில தீவுகளில் வேறொரு அவரைக் குடும்ப மரத்தை நம்பி எஞ்சியிருந்த அந்தப் பூச்சியை 2012இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அந்நாட்டு அரசு அறிவித்தது. கழற்சி அங்கே அரிய செடியன்று. அதன் தளிரை நம்பிய ஓர் உயிரோ, ஒரு சிறு தீவின் சில புதர்களோடு தன் விதியைக் கட்டிக்கொண்டிருந்தது.

நம் கரையில் இந்த இரண்டாம் வரிசைப் புதர்தான் முதலில் போய்விடுகிறது. மணல்மேட்டைச் சமப்படுத்துவதற்கு அது தடை. விடுதி கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் அது வெறும் முள். 2004 சுனாமிக்குப் பின் காப்பரண் என்று சவுக்கை வரிசையாக நட்ட இடங்கள் பல. சவுக்குத் தோப்பின் தரையில் சருகு மெத்தையாகப் படிந்து மற்ற செடிகளை எழவிடாததால், பலவகைப் புதர் நின்ற இடத்தில் ஒரே மரம் மட்டும் நின்றது. மணல்மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைக்கப்பட்டவை. மேட்டைக் காக்க வேண்டும் என்கிற இடத்தில் அதைப் பிடித்துவைத்திருக்கும் புதர்களையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விதையோடு தமிழருக்கு உள்ள உறவைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சங்கப் பாடல்களில் மகளிர் மணலில் ஆடும் கழங்கு என்பது இந்த விதை அல்லது இதன் வடிவில் செய்த காய். புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் ஆடுவது பொன்னால் செய்த கழங்கு. மகளின் நோய்க்குக் காரணம் கேட்கும் தாய்க்கு, முருகனின் பூசாரியான வேலன் கழங்கைப் பார்த்துத்தான் குறி சொல்கிறான். கரீபியன் தீவான ஆன்டிகுவாவில், நம் பல்லாங்குழிக்கு உறவான வாரி ஆட்டத்தின் குழிகளில் இன்றும் கழற்சி விதைகளையே போடுகிறார்கள். உருண்டை, வழவழப்பு, உடையாத உறுதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும்போது, உலகின் எந்த மூலையிலும் கை அதை ஆடுவதற்கு எடுத்துக்கொள்கிறது.

பொன் நிறுக்கும் கழஞ்சு என்ற எடையின் பெயரும் இந்த விதையிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. மூன்றும் அவரைக் குடும்பத்து விதைகள், மூன்றும் கடின ஓடு கொண்டவை. மற்ற விதைகள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கனக்கும், கோடையில் உலர்ந்து இலேசாகும். நீர்புகா ஓடு கொண்ட விதையின் எடை எளிதில் மாறாது. தட்டானின் தராசுக்கு அத்தகைய விதையே வேண்டும். கழஞ்சின் அளவு பின்னாளில் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறியது. கோயிற் கல்வெட்டுகளில் அதற்கெனத் தனி எடைக்கற்களே குறிக்கப்படுகின்றன. பெயர் மட்டும் கொடியினுடையதாகவே நின்றது.

மருத்துவம் பற்றிய கேள்விக்குப் பதில் கவனமாகச் சொல்ல வேண்டும். கழற்சிப் பருப்பு கடுங்கசப்பு. சித்த மருத்துவத்தில் விரைவீக்கத்துக்கும் வாத நோய்களுக்கும், காய்ச்சலுக்கும் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. விளக்கெண்ணெயோடு அரைத்துப் பற்றுப் போடுவதும் உண்டு. 1868இல் வெளியான இந்திய மருந்தியல் தொகுப்பில், கழற்சிப் பருப்பும் மிளகும் சமமாகச் சேர்ந்த சூரணம், விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு ஏற்கப்பட்ட மருந்தாக இடம்பெற்றது. அதே மரபில் மலேரியாவுக்கென மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சி மன்றம் 1980 வாக்கில் உருவாக்கிய ஆயுஷ்-64 என்ற மருந்திலும் கழற்சி ஒரு சேர்மானம். ஆனால் 2000இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை எடுத்தவர்கள் அனைவரும் குணமாக, ஆயுஷ்-64 எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே குணமடைந்தார்கள். பழைய மருந்து என்பதும் நோயைத் தீர்க்கும் என்பதும் ஒன்றல்ல.

சினைப்பை நீர்க்கட்டிக்கு ஒரு காயை உடைத்து மிளகோடு வெறும் வயிற்றில் தின்னுங்கள் என்று சொல்லும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் சோதித்த சான்று நமக்கு இல்லை. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பருப்பு இரத்தச் சர்க்கரையைக் குறைத்திருப்பதால், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. கருவுற்றவர்களும் கருவுற முயல்பவர்களும் தொடவே வேண்டாம். தகுதியுள்ள சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவும் நாளும் வகுத்துக் கொடுப்பது வேறு. கரையில் பொறுக்கிய விதையை வீட்டில் உடைத்துத் தின்பது வேறு.

இப்போது முளைக்கவைக்கும் முறை. விதையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பு சிறிய வட்டமாகத் தெரியும். முளைக்கரு அதன் அருகில் இருப்பதால் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது. அதற்கு எதிர்ப்பக்கத்தை அரத்தாலோ கரடுமுரடான சிமென்ட் தரையிலோ தேய்த்து, சாம்பல் ஓடு போய் உள்ளே வெளிர்நிறப் பருப்பு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு நாள் நீரில் ஊறவைத்தால் விதை கண்ணெதிரே பருக்கும். பருக்காத விதைக்கு இன்னும் கொஞ்சம் தேய்ப்புத் தேவை. ஊறியதை ஆற்று மணல் கலந்த மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் முளை வரும். கொதிநீரில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓடு வெடிப்பதற்கு முன் கரு வெந்துவிடக்கூடும்.

வேலிக்கு இது நல்ல செடிதான். ஆனால் தெருவோரத்திலும் குழந்தைகள் ஓடும் முற்றத்திலும் வேண்டாம், ஆடையைப் பிடித்தால் விடாது. தோப்பின் கடற்பக்கத்து எல்லையில், மணல்மேட்டுக்கு உட்புறமாக நடலாம். திறந்த கடற்கரையில் நடவே கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் மணலை முட்புதரால் அடைப்பது பெரும் கேடு. ஏழு விதைகளையும் முளைக்கவைத்து, முளைத்தவை எல்லாவற்றையும் அருகருகே வையுங்கள். கழற்சியில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் பூக்கின்றன. எது எது என்பது பூத்த பிறகே தெரியும்; ஒற்றைச் செடியை மட்டும் வைத்துக்கொண்டு காய்க்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.